டன்னைக் கணக்குப் போடுகிறவர்கள் பாயிண்டையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாழப்பாடி வட்டத்தில் மூன்றரை ஏக்கர் வைத்துப் பாடுபடுகிறவன் நான். வயது 60. இரண்டு ஏக்கரில் வருடம் தவறாமல் மரவள்ளி, மீதியில் மக்காச்சோளம். மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வோம். முழுநேரமாக விவசாயத்துக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு சேகோ மில்லில், அதாவது கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலையில், பாயிண்ட் எடுக்கும் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களாக எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, உரம் வாங்கப் போனாலும் சரி, எத்தனால் பேச்சுதான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கு முதலில் 2030 வரை கெடு வைத்திருந்தார்கள். 2022ல் அதை 2025-26க்கு இழுத்துவிட்டார்கள். 2018ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் கரும்பு, மக்காச்சோளத்தோடு மரவள்ளியின் பெயரும் இருக்கிறது. ஜவ்வரிசி விலை சரிகிற வருடமெல்லாம் கிழங்கைப் பிடுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் நாங்கள். வாங்குவதற்கு இன்னொரு ஆள் வந்தால் எங்களுக்கு நல்லதுதான். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

என் கவலை, எத்தனால் ஆலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் போடும் கணக்கைப் பற்றியது. ஏக்கருக்கு 12 டன், டன்னுக்கு இத்தனை லிட்டர், ஆக மாவட்டத்துக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்று எழுதிக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் வெயில் இல்லை, மழை இல்லை. என் அப்பா காலத்து வானம் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

பாயிண்ட் என்றால் என்னவென்று மில் பக்கம் வராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லாரியில் வந்த கிழங்கில் மேலே கொஞ்சம், நடுவே கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்து, மண்ணைத் தட்டி, கம்பிக் கூடையில் போட்டு எடை பார்ப்போம். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு மறுபடி பார்ப்போம். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனத்து நிற்கும். மாவு பிடிக்காத கிழங்கு, வெளியே பார்க்கத் திரண்டு இருந்தாலும், தண்ணீருக்குள் போனதும் இலேசாகிவிடும். இந்த இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் கிடைப்பதுதான் பாயிண்ட். 28 பாயிண்ட் என்றால் நூறு கிலோ கிழங்கில் ஏறக்குறைய 28 கிலோ மாவு. விலையையே பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். பழகின கைக்குத் தொட்டிகூடத் தேவையில்லை. நல்ல கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து உடைத்தால் சட்டென்று முறியும், முறிந்த இடத்தைத் தடவினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். மாவில்லாதது வளைந்து கொடுத்து நாராக இழுபடும், உடைந்த வாயில் நீர் கசியும்.

எத்தனாலும் இந்த மாவிலிருந்துதான் வர வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையை நொதிக்க வைத்து, வடித்து எடுக்கிறார்கள். பத்து கிலோ மாவு முழுதாக மாறினால் ஏழு லிட்டர் எத்தனால் என்பது வேதியியல் கணக்கு. ஆலையில் அதைவிடச் சற்றுக் குறையும். அப்படியானால் ஒரு பாயிண்ட் இறங்கினால் டன்னுக்குப் பத்து கிலோ மாவும் ஏழு லிட்டர் எத்தனாலும் போயிற்று என்று அர்த்தம். எடைமேடையில் டன் அப்படியே நிற்கும். தொட்டியில் முக்கிப் பார்த்தால்தான் போனது தெரியும்.

2024ஆம் வருடம் என் காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தை கடைசியில் கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சித் துண்டு, ஊன்றினேன். பங்குனி வரைக்கும் செடி நன்றாகத் தழைத்து வந்தது. ஏப்ரலில் வெயில் ஏறியது. சேலத்தில் பல நாள் 40 டிகிரியைத் தாண்டி அடித்தது அந்த வருடம்தான். கிணறு அடி தெரிந்துவிட்டது. போர்வெல்லில் வருகிற தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் விட்டேன். அதற்குள் அடி இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்து, பத்து நாளில் உச்சியில் ஒரு கொண்டை மட்டும் மிஞ்சியது. "ஏங்க, காடே மொட்டையா நிக்குது" என்று என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். இலையை உதிர்த்துவிட்டு உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது குச்சிக்கிழங்கின் குணம். மழை பெய்ததும் துளிர்த்துக்கொள்ளும். துளிர்க்கவும் செய்தது.

ஆனால் அந்தத் துளிர் சும்மா வருவதில்லை. புது இலை விடுவதற்குச் செடி தண்டிலும் கிழங்கிலும் சேர்த்து வைத்திருந்த மாவை எடுத்துச் செலவழிக்கிறது. மில்லில் இருந்தபோதே இதைப் பார்த்திருக்கிறேன். நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு மழை பெய்து காடெல்லாம் பச்சையாகிற வாரத்தில் வரும் லோடுகளில் பாயிண்ட் இறங்கிப் போயிருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பயிர் செழித்ததாகத் தெரியும் நேரத்தில் தொட்டியில் முள் கீழே வரும்.

இழந்ததை ஆடியிலிருந்து ஐப்பசி வரை செடி மறுபடி சேர்த்தது. கார்த்திகையில் பிடுங்கலாம் என்று ஆள் சொல்லி வைத்தேன். அப்போதுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி உள்நாட்டுக்கு வந்தது. டிசம்பர் முதல் இரண்டு நாளில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் காட்டில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பள்ளத்தில் இருந்த செடிகளின் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாற்றம் எடுத்தது. பிடுங்கின கிழங்கை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். அதனால் லாரி காட்டுக்குள் இறங்க முடியாத நாளில் பிடுங்கியும் பிரயோசனமில்லை.

தண்ணீர் வடிந்து ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனேன். நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன்தான் இப்போது அங்கே பாயிண்ட் எடுக்கிறான். கூடையைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மாமா, 21தான் காட்டுது. நீங்களே வந்து பாருங்க." பார்த்தேன். அவன் பிடித்த பிடியில் தப்பில்லை. முந்தின வருடம் அதே காட்டுக் கிழங்கு 28 வந்தது. லாரியில் இருந்தது பத்து டன். ஏழு பாயிண்ட் குறைவு என்றால் அந்த ஒரு லாரியில் மட்டும் 700 கிலோ மாவு இல்லை. எத்தனால் கணக்கில் ஏறக்குறைய 500 லிட்டர். அந்த வருடம் டன் கணக்கில் மட்டும் பார்த்தால் நான் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை என்றுதான் புள்ளிவிவரத்தில் பதிவாகும்.

ஒரே பயிருக்கு ஒரே வருடத்தில் முன்னால் வெயிலும் பின்னால் வெள்ளமும். தனித்தனியாக இவை எங்களுக்குப் புதிதில்லை. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் மாநிலமே வறட்சி என்று அறிவிக்கப்பட்டபோது கிணற்றில் கல் தெரிந்ததையும் பார்த்தவன்தான் நான். இரண்டும் ஒரே பயிர்க்காலத்துக்குள் வருவதுதான் இப்போது பயமுறுத்துகிறது. காற்று சூடாக ஆக அதிக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெய்யாத நாள் நீளும், பெய்தால் ஒரே மூச்சில் கொட்டும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனரும், காப்பி பூப்பதற்கான பூ மழை வர வேண்டிய நேரத்தில் வராமல் பழம் பறிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது என்கிறார். மலையில் அவருக்குக் காப்பி கொட்டுகிறது, அடிவாரத்தில் எனக்குக் கிழங்கு அழுகுகிறது.

பூச்சியும் நோயும் அடுத்த கதை. வெயிலும் வறட்சியும் நீண்டால் செம்பேன் வரும், வெள்ளை ஈ பெருகும். வெள்ளை ஈ பெருகினால் தேமல் நோய் பரவும். தேமல் பிடித்த செடியில் வெட்டிய கரணையை ஊன்றினால் அடுத்த வருடமும் நோயோடுதான் முளைக்கும். அதனால் ஒரு கோடையின் சேதம் ஒரு கோடையோடு முடிவதில்லை. 2020ல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த மரவள்ளி மாவுப்பூச்சி எங்கள் பக்கம் வந்தபோது, நுனிக் குருத்தெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு நின்றது. மழை இல்லாத மாதங்களில்தான் அதன் ஆட்டம் அதிகம். பெங்களூருவில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட ஆரம்பித்தார்கள். எறும்பைவிடச் சிறிய அந்தப் பூச்சிக்கு எங்கள் காடுகள் கடன்பட்டிருக்கின்றன. அதைக் கொண்டுவந்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். எரிபொருள் பயிர் என்று மாவட்டம் முழுக்கக் குச்சிக்கிழங்கை விரிக்கும்போது, அடுத்த பூச்சிக்கும் இப்படி ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும்.

என் மகள் விவசாயம் படித்தவள். இதையெல்லாம் சொன்னபோது அவள் மறுத்தாள். "அப்பா, காத்துல கரியமில வாயு கூடினா மரவள்ளிக்கு நல்லதுதான். அது அதிகமா சாப்பிடும், அதிகமா மாவு கட்டும்." அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மரவள்ளி, நெல் போன்ற பயிர்கள் அதனால் கூடுதலாக வளரக்கூடியவை. கரும்பும் மக்காச்சோளமும் வேறு விதமாக உணவு தயாரிப்பவை, அவற்றுக்கு அந்த ஆதாயம் குறைவு. ஆனால் மகளிடம் நான் கேட்டது இதுதான்: இலையே இல்லாமல் இரண்டு மாதம் நிற்கிற செடி எதைக் கொண்டு அந்த வாயுவைச் சாப்பிடும்? அவள் யோசித்துவிட்டு, தண்ணீர் இருந்தால்தான் அந்தக் கணக்கு என்று ஒப்புக்கொண்டாள்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் ஒருமுறை சூடு பட்டவன் நான். 2003ல் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைப் பெரிய அளவில் பயிரிட்டு டீசலுக்கு எண்ணெய் எடுக்கலாம் என்றது. இரண்டு வருடம் கழித்து எங்கள் ஊருக்கு ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், விதையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மேட்டாங்காட்டில் ஒரு ஏக்கர் கம்பை விட்டுவிட்டு நட்டேன். அவர்கள் சொன்னதில் ஆடு மாடு கடிக்காது என்பது உண்மை. செடி சாகவும் இல்லை. ஆனால் மழை இல்லாத வருடத்தில் காய்க்கவும் இல்லை. மூன்றாவது வருடம் குடும்பமே சேர்ந்து பறித்து உரித்ததில் ஒரு மூட்டைகூட நிறையவில்லை. வாங்க வருகிறேன் என்றவர்களின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. அந்தச் செடிகளில் சில இன்னமும் என் வேலியாக நிற்கின்றன. வறட்சியைத் தாங்கும் என்பதும் வறட்சியில் விளையும் என்பதும் ஒன்றில்லை என்று ஒரு ஏக்கரையும் நான்கு வருடத்தையும் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது மரவள்ளியைப் பற்றியும் அதே வார்த்தை காதில் விழுகிறது. "அது வறட்சி தாங்குமப்பா" என்கிறார்கள்.

கரும்பு, மக்காச்சோளத்தின் கதையும் வேறில்லை. 2023 ஆகஸ்ட் மாதம், 1901லிருந்து பார்த்தால் நாட்டிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். கரும்பு குறையும், சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்று அந்த டிசம்பரிலேயே கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின, சோளத்தை இறக்குமதி செய்யும் நிலை வந்தது, கோழித் தீவன விலை ஏறியது. நாமக்கல் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது உடனே தெரிந்தது. ஒரு மாதம் மழை பொய்த்ததற்கு ஒரு தேசத் திட்டமே தடம் மாறியதென்றால், ஒரு பயிரை நம்பி ஆலை கட்டுகிறவர்கள் எத்தனை மோசமான வருடங்களைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம்தானே?

அதனால் ஆலை வரட்டும் என்று சொல்லும்போதே சிலவற்றைக் கேட்கிறேன். ஒப்பந்தம் போடும்போது நல்ல வருடத்துப் பாயிண்டை வைத்துப் போடக் கூடாது. கடந்த பத்து வருடத்தில் காய்ந்த வருடமும் நனைந்த வருடமும் சேர்த்துப் பார்த்து அடிப்படை வைக்க வேண்டும். வானத்தால் குறைந்த பாயிண்டின் நஷ்டம் முழுவதையும் விவசாயி தலையில் கட்டக் கூடாது, வாங்குகிறவரும் ஒரு பங்கு ஏற்க வேண்டும். தொட்டியும் தராசும் கிழங்கு கொண்டுவந்தவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டிலும் இதே குறைதான். எடை குறைந்தால் இழப்பு என்கிறார்கள், மாவு குறைந்ததை இழப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. 2024 டிசம்பரில் எங்கள் ஊரில் பலபேர் இதில்தான் அடிபட்டார்கள்.

நோயில்லாத கரணை வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறது. எங்கள் மண்ணுக்கு ஏத்தாப்பூர் நிலையம் இருக்கிறது. ஆனால் நல்ல கரணை ஒரு ஏக்கருக்கு ஐயாயிரம் துண்டு வேண்டுமென்றால் எங்கே போவது? பக்கத்துக் காட்டுக்காரரிடம் வாங்கி, அவர் காட்டு நோயையும் சேர்த்துத்தான் ஊன்றுகிறோம். ஊராட்சிக்கு ஒரு கரணைத் தோட்டம் வைத்தால் போதும், மீதியை நாங்கள் பெருக்கிக்கொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிபொருளுக்காகப் புதிதாக ஒரு ஏக்கர்கூட நடாமலே இங்கே எரிபொருள் இருக்கிறது. கிழங்கு அரைத்த கழிவு நீரில் எரிவாயு எடுத்து, அதில் ஜவ்வரிசி வறுக்கும் மில்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. முன்பு அதே நீர் நாற்றமடித்துக்கொண்டு ஓடையில் போகும், வறுப்பதற்கு லாரி லாரியாக விறகு வரும். மாவு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியிலும் இன்னும் மாவு மிச்சமிருக்கிறது. எந்த வெயிலிலும் எந்த மழையிலும் மில் ஓடுகிற வரைக்கும் கிடைக்கிற பொருள் அது. அதை முழுதாகப் பயன்படுத்திவிட்டுப் புது ஏக்கருக்கு வந்தால் காடும் கிணறும் கொஞ்சம் தாங்கும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசிக்கும் கிழங்கு மிஞ்சும்.

மில்லில் இருந்த காலத்திலிருந்தே ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, மழை பெய்த நாள், லோடின் எடை, பாயிண்ட் என்று எழுதி வருகிறேன். காட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. நான்காவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி எழுதி வைத்திருக்கும் விவசாயிகளும் மில்காரர்களும் ஆத்தூர், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் நிச்சயம் இருப்பார்கள். ஆலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் எங்களை ஒருநாள் உட்காரவைத்து அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். தை பிறந்ததும் கரணை ஊன்றிவிடுவோம். அதற்கு முன்னால் கூப்பிட்டால் நான்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மரவள்ளி விவசாயி,
வாழப்பாடி வட்டம், சேலம் மாவட்டம்.